டேப்பட் சத்தமும் லிஃப்டரின் ஆயுளும்: எப்போது மாற்ற வேண்டும்?

டைமிங் பெல்ட்டுக்கு இத்தனை கிலோமீட்டர், ஏர் ஃபில்டருக்கு இத்தனை கிலோமீட்டர், கூலண்டுக்கு இத்தனை ஆண்டு என்று வரிசையாகக் கணக்குச் சொல்லும் வாகனக் கையேடுகள், இன்ஜினின் வால்வுகளைத் தூக்கும், உள்ளே ஆயில் நிரம்பிய சிறு பாகமான ஹைட்ராலிக் வால்வு லிஃப்டரை எப்போது மாற்ற வேண்டும் என்பதைப் பற்றிப் பெரும்பாலும் எதுவும் சொல்வதில்லை. இன்ஜின் உள்ளவரை அது உழைக்க வேண்டும் என்பதே தயாரிப்பாளர்களின் எதிர்பார்ப்பு. நடைமுறையிலோ, ஒரே மாதிரியான இரண்டு இன்ஜின்களில் ஒன்று இரண்டு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டியும் சத்தமின்றி ஓடுகிறது. மற்றொன்று ஐம்பதாயிரத்துக்கு முன்பே தட்டத் தொடங்கிவிடுகிறது. இந்த வேறுபாட்டுக்கான காரணத்தை லிஃப்டரின் உலோகத்தில் தேடுவதைவிட, அதற்குள் நிமிடத்துக்கு நிமிடம் புகுந்து வெளியேறும் ஆயிலில் தேடுவதே பயன் தரும். லிஃப்டரின் வயதைக் கிலோமீட்டரில் அளக்க முயல்பவர்கள் ஒன்று நல்ல பாகத்தைத் தூக்கி எறிகிறார்கள், அல்லது கெட்ட பாகத்தை விட்டுவைத்து, வால்வுகளை இயக்கும் சுழல்தண்டான கேம் ஷாஃப்டையும் சேர்த்து இழக்கிறார்கள்.

கேம் ஷாஃப்டில் உள்ள லோப் என்னும் மேட்டுக்கும் வால்வுக்கும் இடையில் அமர்ந்து, லோப்பின் சுழற்சியை வால்வின் ஏற்ற இறக்கமாக மாற்றித் தருவதே லிஃப்டரின் வேலை. நம் பட்டறைகளில் இதற்கு வழங்கும் பெயர் டேப்பட். நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினில், பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க் இரண்டு முறை சுற்றினால் கேம் ஷாஃப்ட் ஒரு முறை சுற்றும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில், நிமிடத்துக்கு 2000 சுற்றில் ஓடும் ஒரு காரை எடுத்துக்கொண்டால், ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஒவ்வொரு லிஃப்டரும் ஆயிரம் முறை தூக்கப்படுகிறது; ஒரு லட்சம் கிலோமீட்டரில் அது 10 கோடி முறையாகிறது. ஒவ்வொரு முறையும் வால்வு ஸ்பிரிங்கின் முழு விசையையும் மிகச் சிறிய பரப்பில் தாங்கியாக வேண்டும். தட்டையான டேப்பட்டும் லோப்பும் உரசும் அந்தக் கோடு போன்ற இடம், இன்ஜினுக்குள் மிகக் கடுமையான அழுத்தம் விழும் இடங்களில் ஒன்று. அங்கே இரும்பையும் இரும்பையும் பிரித்து வைத்திருப்பது மெல்லிய ஆயில் படலம் மட்டுமே.

பழைய முறையில் டேப்பட் என்பது ஒரே திண்மையான உலோகத் துண்டு. இன்ஜின் சூடேறும்போது வால்வின் தண்டும் மற்ற பாகங்களும் நீள்வதால், குளிர்ந்த நிலையில் ஒரு சிறு இடைவெளியை விட்டுவைத்தாக வேண்டும். இது பொதுவாக ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கிலிருந்து நான்கு பங்குக்குள் அமையும். இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜை வைத்து இதைச் சரிசெய்வதைத்தான் டேப்பட் செட்டிங் என்கிறோம். அம்பாசடர் காரில், வால்வை அழுத்தித் திறக்கும் நெம்புகோலான ராக்கரின் முனையில் இருந்த திருகையும் நட்டையும் வைத்து இதைச் செய்தார்கள். சென்னையில் தயாரான பழைய வார்ப்பிரும்பு இன்ஜின் புல்லட்டில் ஃபீலர் கேஜுக்கே வேலை இல்லை: சிலிண்டருக்கு அடியில் வலது பக்கம் இருக்கும் சிறு மூடியைக் கழற்றி, வால்வு மூடிய நிலையில், டேப்பட்டின் அசைவை ராக்கருக்குக் கொண்டு செல்லும் கம்பியான புஷ் ராடை விரல்களால் பிடித்துச் சுழற்றினால் அது தடையின்றிச் சுழல வேண்டும், மேலும் கீழுமாக ஆட்டினால் ஆட்டம் தெரியக் கூடாது. அந்த உணர்வைப் பெற்ற கைகள் ஊருக்கு ஊர் இருந்தன.

திண்மையான டேப்பட்டைப் பொறுத்தவரை பலரும் தலைகீழாகப் புரிந்துகொண்டிருக்கும் ஒரு செய்தி உண்டு. டேப்பட் சத்தம் போட்டால் இடைவெளி அதிகமாகிவிட்டது என்று பொருள். அது காதுக்கு எரிச்சல் தரும், லோப்பையும் சிறிது சிறிதாக அடிக்கும், ஆனால் உடனடி ஆபத்து இல்லை. சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, இன்ஜின் முன்பைவிட அமைதியாகிவிட்டால்தான் கவலைப்பட வேண்டும். வால்வு தன் இருக்கைக்குள் மெல்ல மெல்ல இறங்கும்போது தண்டின் மறுமுனை மேலே எழுந்து இடைவெளியை விழுங்கிவிடுகிறது. இடைவெளி முற்றிலும் போனால் வால்வு முழுமையாக மூடாது. எக்ஸாஸ்ட் வால்வு தன் வெப்பத்தை இருக்கைக்குக் கடத்த முடியாமல் விளிம்பில் கருகும். எல்.பி.ஜி., சி.என்.ஜி. ஆகிய வாயு எரிபொருள்களில் ஓடும் ஆட்டோக்களிலும் கார்களிலும் இந்தத் தேய்மானம் விரைவாக நிகழ்வதால், அவற்றில் டேப்பட் செட்டிங்கைத் தள்ளிப்போடுவது, சிலிண்டரின் மேல்பகுதியான ஹெட்டைக் கழற்றிச் செய்யும் ஹெட் வேலையில்தான் போய் முடியும்.

இந்தச் செட்டிங் தொல்லையே வேண்டாம் என்பதற்காக வந்ததுதான் ஹைட்ராலிக் லிஃப்டர். 1930இல் அமெரிக்காவின் கேடிலாக் நிறுவனம் தன் 16 சிலிண்டர் காரில் ஆயில் அழுத்தத்தால் வால்வு இடைவெளியைத் தானே சரிசெய்துகொள்ளும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. விலை உயர்ந்த கார் சத்தம் போடக் கூடாது என்பது அன்றைய நோக்கம். பிறகு அது சாதாரணக் கார்களுக்கும் பரவியது. நம் நாட்டில் பல நிறுவனங்களின் கார்களில் பல லட்சம் எண்ணிக்கையில் ஓடிய ஃபியட்டின் 1.3 மல்டிஜெட் டீசல் இன்ஜினில் 16 வால்வுகளுக்கும் ஹைட்ராலிக் ஏற்பாடுதான். 2009இல் இந்தியச் சாலைகளுக்கு வந்த ராயல் என்ஃபீல்டு கிளாசிக்கின் யு.சி.இ. (கியர்பாக்ஸும் ஒரே கூட்டில் அமைந்த) இன்ஜினும் புஷ் ராடுகளை வைத்துக்கொண்டு, அவற்றின் செட்டிங்கை மட்டும் ஹைட்ராலிக்கிடம் ஒப்படைத்தது. 2020இல் மீட்டியர் 350 கொண்டுவந்த புதிய இன்ஜினில் புஷ் ராடும் போயிற்று, ஹைட்ராலிக்கும் போயிற்று. இடைவெளியைக் கையால் வைக்கும் முறை திரும்பி வந்தது.

ஒரு லிஃப்டருக்குள் என்ன இருக்கிறது?

நன்றாகக் கழுவிய ஹைட்ராலிக் லிஃப்டர் ஒன்றை மேசைமேல் பிரித்து வைத்தால், எண்ணிக்கையில் மிகச் சில பாகங்களே கிடைக்கும்: வெளிக்கூடு, அதற்குள் ஏறி இறங்கும் பிளஞ்சர், அதன் அடியில் ஒரு ஸ்பிரிங், ஆயிலை உள்ளே மட்டும் விட்டுத் திரும்ப விடாத ஒரு சிறு குண்டு வால்வு, இவற்றைப் பிடித்து வைக்கும் ஒரு வளையம். பிளஞ்சருக்கும் கூட்டுக்கும் இடையே உள்ள இடைவெளி சில மைக்ரான்களே. கையில் ஒட்டிய தூசு ஒன்று போதும், பிளஞ்சர் பாதி வழியில் சிக்கிக்கொள்ளும்.

வால்வு மூடியிருக்கும் கணத்தில் ஸ்பிரிங் பிளஞ்சரைத் தள்ளி எல்லா இடைவெளியையும் நிரப்புகிறது. குண்டு வால்வின் வழியே ஆயில் அடியறைக்குள் புகுகிறது. லோப் தூக்கத் தொடங்கியதும் குண்டு வால்வு மூடிக்கொள்ள, சிறைப்பட்ட ஆயில் சுருங்க மறுத்து இரும்புத் தூண் போல நிற்கிறது. முனையை விரலால் அடைத்த ஊசிக் குழாயில் தண்ணீர் இருந்தால் அழுத்த முடியாது, காற்று இருந்தால் அழுந்திக்கொடுக்கும் அல்லவா, அதே கதைதான் இங்கும்: உள்ளே சுத்தமான ஆயில் இருந்தால் லிஃப்டர் உறுதியாக நிற்கும், ஆயிலோடு காற்றுக் குமிழி கலந்திருந்தால் குழைந்து, வால்வைத் தாமதமாகத் தூக்கித் தட்டும். தூக்கும் ஒவ்வொரு முறையும் மிகச் சிறிதளவு ஆயில் பிளஞ்சரின் ஓரமாகக் கசிந்து வெளியேறுகிறது. அடுத்த சுற்றில் அந்த இழப்பு ஈடுசெய்யப்படுகிறது. இந்தக் கசிவு குறை அன்று, வடிவமைப்பின் ஒரு பகுதி. இன்ஜின் சூடேறிப் பாகங்கள் நீளும்போது லிஃப்டர் தன்னைக் குறுக்கிக்கொள்ள இதுதான் வழி. ஆனால் ஆண்டுகள் ஓடி, பிளஞ்சர் தேய்ந்து, கசிவு அளவு மீறிப் போகும்போது, சூடான மெல்லிய ஆயிலை லிஃப்டரால் பிடித்து வைக்க முடிவதில்லை. நியாயமாக முதுமையடைந்த லிஃப்டரின் அடையாளம் இதுவே.

லிஃப்டர் எங்கே அமர்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்தும் அதன் ஆயுள் மாறும். புஷ் ராடின் அடியில் இருப்பதும், வால்வின் தலையில் கிண்ணம் போல் கவிழ்ந்திருப்பதும் லோப்போடு நேரடியாகத் தொடர்பு கொள்வதால் உள்ளும் புறமும் தேய்கின்றன. மல்டிஜெட்டில் உள்ளதோ மூன்றாம் வகை: லோப்பின் உருளலை ரோலர் பொருத்திய சிறு கை தாங்கிக்கொள்ள, ஹைட்ராலிக் பாகம் அந்தக் கையின் ஒரு முனைக்கு அசையாத ஊன்றுகோலாக மட்டும் நிற்கிறது. இதில் உரசல் குறைவு. கெட்டால் பெரும்பாலும் உள்ளே அடைப்பினால்தான் கெடும்.

ஆயுளைத் தின்பவை

முதல் எதிரி, மாற்றாமல் விட்ட ஆயில். நெடுநாள் வெப்பத்தில் கிடந்து பழுதான ஆயில் பிளஞ்சரின் மேல் பழுப்பு நிற வார்னிஷாகப் படிகிறது. நகர நெரிசலில் குறுகிய தூரம் மட்டும் ஓடி முழுமையாகச் சூடேறாத இன்ஜினில் ஈரமும் எரிபொருளும் கலந்து குழம்பான ஸ்லட்ஜாகத் திரள்கிறது. சில மைக்ரான் இடைவெளியில் ஏறி இறங்க வேண்டிய பிளஞ்சருக்கு இரண்டுமே எமன். அதனால்தான், நெடுஞ்சாலையில் இரண்டு லட்சம் ஓடிய டாக்சியின் லிஃப்டர் நலமாக இருக்க, வீட்டுக்கும் கடைக்குமாக ஆண்டுக்கு மூவாயிரம் கிலோமீட்டர் மட்டும் ஓடிய காரின் லிஃப்டர் ஒட்டிக்கொள்கிறது. கையேட்டில் கிலோமீட்டரோடு சேர்த்து மாதக் கணக்கும் கொடுத்திருப்பதைப் பலர் படிப்பதே இல்லை. குறைவாக ஓட்டுபவர்களுக்குத்தான் அந்த மாதக் கணக்கு முக்கியம்.

அடுத்தது ஆயிலின் அளவு. அளவுக்குக் கீழே இறங்கினால் பம்ப் காற்றையும் சேர்த்து உறிஞ்சும். அளவுக்கு மேல் ஊற்றினால் கிராங்க் அதை அடித்து நுரையாக்கும். இரண்டிலும் லிஃப்டருக்குள் போவது காற்று கலந்த ஆயில்தான். கூடுதலாக அரை லிட்டர் ஊற்றினால் இன்ஜினுக்கு நல்லது என்ற எண்ணம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. அது முழுத் தவறு.

ஆயிலின் தடிமனைக் குறிக்கும் கிரேடும் அப்படியே. சத்தத்தை அடக்கத் தடிமனான ஆயில் ஊற்றுவது நம் பக்கத்தில் நெடுங்காலப் பழக்கம். தேய்ந்த இன்ஜினில் சில நாள் அமைதி கிடைக்கலாம். ஆனால் மெல்லிய ஆயிலுக்கென்று வடிவமைத்த நுண்ணிய வழிகளில் தடித்த ஆயில் போய்ச் சேரத் தாமதமாகி, ஒவ்வொரு காலையும் லிஃப்டர்கள் வறண்டு அடிக்கும் நேரம் கூடும். சத்தம் மறைந்ததால் நோய் தீர்ந்ததாக நினைத்துக்கொள்வது இதைவிடப் பெரிய கேடு.

தட்டையான டேப்பட் உள்ள பழைய இன்ஜின்களை வைத்திருப்பவர்கள் ஆயிலில் உள்ள துத்தநாக, பாஸ்பரஸ் சேர்மத்தைப் பற்றியும் தெரிந்துகொள்ள வேண்டும். லோப்பும் டேப்பட்டும் நேருக்கு நேர் உரசும் கணத்தில் உலோகத்தின் மேல் காப்புப் படலமாகப் படிவது இதுவே. புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைப் பாஸ்பரஸ் கெடுக்கும் என்பதால், 2004இல் வந்த ஏ.பி.ஐ. எஸ்.எம். என்னும் ஆயில் தரத்தில் 0டபிள்யூ-20, 5டபிள்யூ-30, 10டபிள்யூ-30 போன்ற மெல்லிய கிரேடுகளில் அதன் அளவுக்கு 0.08 விழுக்காடு என்று உச்சவரம்பு வைத்தார்கள். ரோலர் வைத்த புதிய இன்ஜின்களுக்கு இதனால் குறை இல்லை. ஓர் அம்பாசடரைப் புதுப்பித்து வைத்திருப்பவர், புதியது என்பதற்காக நவீன மெல்லிய ஆயிலை அதில் ஊற்றினால் லோப்புகளை இழக்க நேரிடும்.

இவை எல்லாவற்றுக்கும் அப்பால், ஆயிலின் மேல் மட்டும் பழிபோட முடியாத ஒரு வகையும் உண்டு. அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் தன் வி8 இன்ஜின்களில் எரிபொருளை மிச்சப்படுத்த, சுமை குறைந்த நேரத்தில் பாதி சிலிண்டர்களை உறங்கவைக்கும் ஏற்பாட்டை 2005 முதல் கொண்டுவந்தது. 5.3 லிட்டர் இன்ஜினில் உள்ள 16 லிஃப்டர்களில் 8 லிஃப்டர்கள், அதாவது 1, 4, 6, 7 ஆகிய சிலிண்டர்களுக்கு உரியவை, இதற்கென்றே தனி அமைப்பு கொண்டவை. கணினி கட்டளையிட்டதும் ஆயில் அழுத்தம் அவற்றுக்குள் இருக்கும் பூட்டு முள்ளைத் தள்ளித் திறக்கும். லிஃப்டரின் வெளிப்பகுதி லோப்போடு ஏறி இறங்க, உட்பகுதி அசையாமல் நிற்பதால் வால்வு திறப்பதில்லை. முள் மீண்டும் சரியாகப் பூட்டாமல் போனால் லிஃப்டர் அமுங்கியே கிடக்கும், அல்லது புஷ் ராடு வளையும், அல்லது ரோலர் திசைமாறி லோப்பை அரைத்துவிடும். நாள் தவறாமல் ஆயில் மாற்றியவர்களின் வண்டிகளிலும் இது நிகழ்ந்திருக்கிறது. அந்த இன்ஜினில் லிஃப்டர்களை வெளியே எடுக்கச் சிலிண்டர் ஹெட்டையே இறக்க வேண்டியிருப்பதால், சிறு முள் ஒன்றின் கோளாறு பெரும் செலவாகிறது. ஒரு பாகத்தின் வேலை எவ்வளவு நுட்பமாகிறதோ, அவ்வளவுக்கு அதன் ஆயுளைச் சராசரிக் கிலோமீட்டரால் சொல்ல முடியாமல் போகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

சத்தத்தைப் படிப்பது

டேப்பட் சத்தத்தின் தாளம் கிராங்க் வேகத்தில் பாதி. நிமிடத்துக்கு 800 சுற்றில் ஐடிலிங் ஓடும் இன்ஜினில் ஒரு லிஃப்டர் மட்டும் தட்டினால், நிமிடத்துக்கு 400 முறை, அதாவது நொடிக்கு ஏழு முறையளவில் கேட்கும். பிஸ்டன், கனெக்டிங் ராடு ஆகியவற்றின் சத்தம் இன்னும் கனமாகவும் பெரும்பாலும் கிராங்கின் வேகத்திலேயும் வரும். நீண்ட ஸ்க்ரூ டிரைவரின் முனையை வால்வு கவரின்மேல் வைத்துக் கைப்பிடியைக் காதோடு அழுத்திக் கேட்கும் பழைய முறை இன்றும் பயனுள்ளதே. ஸ்டெதஸ்கோப் இருந்தால் இன்னும் நல்லது. சுழலும் பெல்ட்டுக்கும் ஃபேனுக்கும் எட்டியிருந்து இதைச் செய்ய வேண்டும்.

நெடுநாள் நிறுத்தி வைத்த வண்டியைக் கிளப்பியதும் சில நொடிகள் தட்டிவிட்டு அடங்கினால் அதை நோயாகக் கருத வேண்டியதில்லை. நிறுத்தியபோது எந்த வால்வு திறந்த நிலையில் நின்றதோ, அதன் லிஃப்டரிலிருந்து ஸ்பிரிங்கின் அழுத்தத்தில் ஆயில் கசிந்து வெளியேறியிருக்கும்; அது நிரம்பச் சில நொடிகள் ஆகும், அவ்வளவே. ஒவ்வொரு காலையும் இது நீண்டுகொண்டே போனால், முதலில் ஆயில் ஃபில்டரைப் பார்க்க வேண்டும். இன்ஜின் நின்றபின் ஆயில் திரும்பி வழியாமல் தடுக்கும் ரப்பர் தடுப்பு மலிவான ஃபில்டர்களில் சரியாக வேலை செய்யாவிட்டால், ஆயில் வழிகள் இரவில் காலியாகிவிடும்.

குளிரில் தட்டி, இன்ஜின் சூடேறியதும் மறையும் சத்தம் லிஃப்டருடையதாகவும் இருக்கலாம். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் கேஸ்கெட் கசிவதாகவும் இருக்கலாம். உலோகம் விரிந்து இடுக்கை அடைத்ததும் அந்தக் கசிவின் சத்தம் அடங்கிவிடுவதால், லிஃப்டர் என்று எண்ணி இன்ஜினைப் பிரித்து ஏமாந்தவர்கள் நிறைய. மேனிஃபோல்டைச் சுற்றிக் கரி படிந்திருக்கிறதா, போல்ட்டுகளில் ஒன்று முறிந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். காமன் ரெயில் டீசலிலும் நேரடியாகச் சிலிண்டருக்குள் பெட்ரோல் பீய்ச்சும் இன்ஜின்களிலும் இன்ஜெக்டரின் இயல்பான சத்தமே டேப்பட் போலக் கேட்கும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

இன்ஜின் நன்றாகச் சூடேறிய பிறகு, சிக்னலில் நிற்கும்போது தட்டத் தொடங்கி, ஆக்சிலரேட்டரைச் சற்று மிதித்ததும் மறைந்தால், பார்க்க வேண்டியது ஆயில் பிரஷர். டாஷ்போர்டு விளக்கை நம்பக் கூடாது. பிரஷர் ஏறத்தாழ முழுவதும் இறங்கிய பிறகே அது எரியும். சென்சாரைக் கழற்றி அந்த இடத்தில் கேஜ் மாட்டி, சூடான நிலையில் அளக்க வேண்டும். ஒவ்வொரு 1000 சுற்றுக்கும் சுமார் 10 பி.எஸ்.ஐ. (அழுத்த அலகு) என்பது பட்டறைகளில் நெடுநாளாக வழங்கும் கணக்கு. கையேட்டில் அளவு கொடுத்திருந்தால் அதுவே இறுதி. பிரஷர் குறைவாக இருந்தால் பேரிங் தேய்ந்திருக்கலாம், பம்ப் தேய்ந்திருக்கலாம், ஆயில் தொட்டியின் சல்லடை அடைத்திருக்கலாம். அந்த நிலையில் லிஃப்டர் மாற்றுவது வீண் செலவு; புதிய லிஃப்டரும் அதே போல் தட்டும். அளக்காமல் லிஃப்டர் மாற்றச் சொல்பவரிடம் வண்டியை விடாமலிருப்பது நல்லது என்பதே என் உறுதியான கருத்து.

எந்த வெப்பத்திலும் எந்த வேகத்திலும் அடங்காமல், வேகத்தோடு சேர்ந்து கூடும் சத்தம் வேறு வகை. லிஃப்டரின் முகம் குழிந்திருக்கலாம், ரோலரின் ஊசி பேரிங் உடைந்திருக்கலாம், லோப் தேய்ந்திருக்கலாம். கூடவே ஒரு சிலிண்டர் மிஸ்ஸிங் அடித்தால் ஐயம் வலுக்கிறது. ஆயிலை வடித்து வெயிலில் பார்க்கும்போது மினுமினுக்கும் துகள்கள் தெரிந்தாலோ, ஃபில்டரை வெட்டி மடிப்புகளை விரித்ததில் உலோகத்தூள் காணப்பட்டாலோ, அதற்குமேல் அந்த வண்டியை ஓட்டக் கூடாது. அந்தத் தூள் அடுத்துப் போகும் இடம் பேரிங்குகள்.

மாற்றுவதற்கு முன்னும் மாற்றும்போதும்

ஒட்டிக்கொண்ட பிளஞ்சர் பல நேரங்களில் திரும்பி வரும் என்பதால், பிரஷர் சரியாக இருந்து சத்தம் மட்டும் இருக்கும் இன்ஜினில் முதலில் செய்ய வேண்டியது சரியான கிரேடில் நல்ல ஆயிலும் ஃபில்டரும் மாற்றி ஓட்டிப் பார்ப்பது. வழக்கமான இடைவெளியில் பாதி ஓடியதும் மீண்டும் ஒருமுறை மாற்றுவது. நல்ல ஆயிலில் இருக்கும் கழுவும் தன்மை மெதுவாக வேலை செய்யும். ஃப்ளஷ் என்று விற்கும் திரவங்களைப் பல ஆண்டு அழுக்கேறிய இன்ஜினில் ஊற்ற நான் பரிந்துரைக்க மாட்டேன். கட்டியாகப் பெயர்ந்து விழும் ஸ்லட்ஜ் பம்பின் சல்லடையை அடைத்தால், தட்டிக்கொண்டாவது ஓடிய இன்ஜின் ஆயில் இல்லாமல் பிடித்துக்கொள்ளும்.

கிண்ண வகை ஹைட்ராலிக் லிஃப்டர்களுக்கு ஃபோக்ஸ்வாகன் கையேடுகளில் உள்ள சோதனை முறை எளிமையானது, ஏனைய இன்ஜின்களிலும் சிந்திக்கக் கற்றுத் தருவது. ரேடியேட்டர் ஃபேன் ஒருமுறை ஓடும்வரை இன்ஜினைச் சூடேற்றி, 2500 சுற்றில் இரண்டு நிமிடம் வைத்திருக்க வேண்டும். அதற்குள் அடங்கிய சத்தம் கணக்கில் இல்லை. அப்போதும் அடங்காவிட்டால் வால்வு கவரைத் திறந்து, லோப் மேல்நோக்கி நிற்கும்படி இன்ஜினைத் திருப்பி, மரத்தாலோ பிளாஸ்டிக்காலோ ஆன ஆப்பினால் கிண்ணத்தை மெல்ல அழுத்தி, லோப்புக்கும் அதற்கும் இடையே விழும் இடைவெளியை அளக்க வேண்டும். பழைய கையேடுகளில் இந்த வரம்பு 0.1 மில்லிமீட்டர். அதைத் தாண்டினால் லிஃப்டரை மாற்றியாக வேண்டும், பழுதுபார்க்க முடியாது. புஷ் ராடு வகையில் டயல் கேஜை ராக்கரின் முனையில் வைத்து ஒவ்வொரு வால்வும் எவ்வளவு எழுகிறது என்று ஒப்பிட்டால், தேய்ந்த லோப் எது, அமுங்கும் லிஃப்டர் எது என்பது பிரிந்து தெரியும்.

எதை எதோடு சேர்த்து மாற்றுவது என்பதில் ஒரு விதி தளர்வே இல்லாதது. தட்டையான டேப்பட்டும் அதன் லோப்பும் ஓடி ஓடி ஒன்றுக்கொன்று பழகியவை. டேப்பட்டின் முகம் பார்வைக்குத் தட்டையாகத் தெரிந்தாலும் உண்மையில் நுண்ணிய அளவில் குவிந்தது. லோப்பும் சற்றுச் சரிவானது. இந்த இரண்டும் சேர்ந்துதான் டேப்பட்டை அதன் துளைக்குள் சுழலவைத்துத் தேய்மானத்தைப் பரவலாக்குகின்றன. கழற்றிய டேப்பட்டின் முகத்தில் நேரான எஃகு ஸ்கேலின் விளிம்பை நிறுத்தி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால், நடுவில் ஒளிக்கீற்று தெரிகிறதா என்று பார்க்கலாம். தெரிந்தால் முகம் குழிந்துவிட்டது, சுழற்சி நின்றுவிட்டது, லோப்பும் போயிருக்கும். ஆகவே கழற்றும்போது எது எந்தத் துளையில் இருந்தது என்று குறித்து வைத்து, மீண்டும் பயன்படுத்துவதானால் அதே துளைக்கே அனுப்ப வேண்டும். புதிய கேம் ஷாஃப்ட் போட்டால் டேப்பட்டுகள் அத்தனையும் புதிதாக வேண்டும். தேய்ந்த லோப்பின்மேல் புது டேப்பட் வைப்பது சில நூறு கிலோமீட்டரில் இரண்டையும் சேர்த்து அழிப்பதாகும். ரோலர் லிஃப்டரில் இந்தக் கட்டாயம் இல்லை. லோப்பில் குழியோ கீறலோ இல்லையென்றால் புது லிஃப்டரைப் பழைய கேம் ஷாஃப்டோடு பொருத்தலாம்.

ஒன்று மட்டும் கெட்டிருந்தால் ஒன்றை மட்டும் மாற்றலாமா என்பதற்கான விடை, பிரிக்கும் கூலியில் இருக்கிறது. ஹெட்டை இறக்கினால்தான் லிஃப்டர் கைக்கு வரும் இன்ஜினில், ஒன்றரை லட்சம் கிலோமீட்டருக்கு மேல் ஓடியிருந்தால், முழு செட்டாக மாற்றுவதே சிக்கனம். மற்றவையும் அதே ஆயிலில் அதே வயதை அடைந்தவை. கேம் ஷாஃப்டை எடுத்தாலே போதும் என்ற இன்ஜினில், புதிய ஒன்று குறைந்த வயதில் தொழிற்சாலைக் குறையால் கெட்டிருந்தால், அதை மட்டும் மாற்றுவதில் தவறில்லை. ஹெட் வேலைக்காக எப்படியும் பிரித்துவிட்ட நேரத்தில், தட்டாத லிஃப்டர்களையும் ஒவ்வொன்றாக அழுத்திச் சோதித்து, ஐயத்துக்கு இடமானவற்றை விலக்கிவிட வேண்டும். வாங்கும்போது பில்லோடு அசல் பாகத்தையே வாங்க வேண்டும். சில மைக்ரான்களில் நின்று பிழைக்கும் பாகத்தில் போலியால் மிச்சமாவது ஒன்றுமில்லை.

பொருத்தும் வேலையில் அவசரம்தான் மிகுந்த சேதம் செய்கிறது. புதிய ஹைட்ராலிக் கிண்ணங்களைப் பொருத்தியபின் சுமார் அரை மணி நேரம் இன்ஜினைக் கிளப்பக் கூடாது என்று ஃபோக்ஸ்வாகன் கையேடுகள் எச்சரிக்கின்றன. ஆயில் நிரம்பி முழு நீளத்துக்கு எழுந்து நிற்கும் லிஃப்டர், ஸ்பிரிங்கின் அழுத்தத்தில் கசிந்து தன் உயரத்துக்கு இறங்க அந்த நேரம் தேவை. அதற்குமுன் கிளப்பினால் வால்வு மூடாமல் நின்று பிஸ்டனில் இடிக்கலாம். புஷ் ராடு வகையிலும் இதே பொறுமை வேண்டும். காத்திருந்தபின் கிராங்கைக் கையால் இரண்டு முழுச் சுற்றுச் சுற்றிப் பார்த்து, எங்கும் முட்டவில்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகே ஸ்டார்ட்டரைத் தொட வேண்டும். தட்டையான டேப்பட்டும் புதுக் கேம் ஷாஃப்டும் போட்ட இன்ஜினுக்கு நேர்மாறான விதி ஒன்று கூடுதலாக உண்டு: கிளப்பியதும் ஐடிலிங்கில் விடாமல், 2000 சுற்றுக்கு மேல் ஏற்றி இறக்கி இருபது நிமிடமளவு தொடர்ந்து ஓட்ட வேண்டும். ஐடிலிங்கில் லோப்புகளுக்குத் தெறித்து வரும் ஆயில் போதாது. முகமும் லோப்பும் பழகும் அந்த முதல் நிமிடங்களில் வறண்டால், மீள முடியாத காயம் விழுந்துவிடும். அது முடிந்த சூட்டிலேயே ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி, கழற்றிய ஃபில்டரை வெட்டிப் பார்க்க வேண்டும். மடிப்புகளில் மெல்லிய சாம்பல் நிறப் பூச்சு மட்டும் இருந்தால் அது பழகியதன் தடயம்; நகத்தில் நெருடும் துகள் இருந்தால் மீண்டும் பிரித்தாக வேண்டும்.